நீலச்சிமிழ்ப் பூவும் மலைக்காரியின் சாபமும்

மலைகளுக்கு வாய் இருந்த காலம் அது. மனிதர்கள் காது கொடுக்காத காலமும் அதுதான். அப்போது கொடிஞ்சிநாடு என்று ஒரு ராஜ்யம் இருந்தது.

நாட்டின் மேற்கே ஒரு மொட்டை மலை. அதன் ஒரே ஒரு சரிவில், பாறை இடுக்குகளில், நீலச்சிமிழ் என்று ஒரு பூ பூக்கும். முதல் மழை விழுந்ததும் விரல் உயரத் தண்டில் குங்குமச்சிமிழ் மாதிரி திறக்கும். நிறம் மட்டும் நீலம். உலகத்தில் வேறெங்கும் அது கிடையாது.

அரண்மனைத் தோட்டத்துக்குத் தலைவி மருதாயி. கைராசிக்காரி. காய்ந்த குச்சியை நட்டாலும் துளிர்க்கும் என்று ஊர் சொல்லும். ஊர் சொன்னதை அவளும் நம்பினாள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

ஒருநாள் ராஜா அதிவீரர் அவளைக் கூப்பிட்டார்.

"நீலச்சிமிழ் என் தோட்டத்தில் பூக்க வேண்டும். முடியுமா?"

"என் கை பட்டு முளைக்காதது எது, மகாராஜா?"

வீட்டில் அவள் புருஷன் கூத்தன் தடுத்தான். "அது மலையில் கிடக்கிற பூ. அங்கேயே கிடக்கட்டுமே, புள்ள."

"நீ சும்மா இரு" என்று சொல்லிவிட்டு, கூடையும் கடப்பாரையுமாக மலையேறினாள்.

சரிவில் ஒரு கிழட்டு உடும்பு வெயில் காய்ந்துகொண்டிருந்தது. "தோண்டாதே, தாயி. இந்த வேர் இந்தப் பாறையை விட்டால் பிழைக்காது" என்றது.

மருதாயி சிரித்தாள். ஒரு கூடை தோண்டினாள். அரண்மனையில் நட்டாள். செத்தது.

தண்ணீர் போதவில்லை என்று மறுபடி ஏறினாள். "தோண்டாதே, தாயி" என்றது உடும்பு. தோண்டினாள். நட்டாள். செத்தது.

இதற்குள் ராஜா ஆசைப்பட்ட பூ என்று ஊரெல்லாம் தெரிந்துவிட்டது. மந்திரி வீட்டுத் தோட்டக்காரன் ஏறினான். வைர வியாபாரி வீட்டுத் தோட்டக்காரன் மாசாணமும் ஏறினான். ஆளுக்கொரு கூடை. மூன்றாம் முறை மருதாயி போனபோது சரிவில் ஒற்றைச் செடிதான் நின்றது. அதையும் தோண்டினாள்.

பாறை பிளந்தது. அந்த மலையைக் காக்கும் மலைக்காரி எழுந்து வந்தாள். தலைமுடி கோரைப்புல், கண் இரண்டும் சுனை.

"அது என் கடைசிப் பிள்ளை. திருப்பி வை."

மருதாயி திருப்பி வைத்திருக்கலாம். வெறுங்கையோடு போனால் ராஜா என்ன நினைப்பார் என்ற யோசனை குறுக்கே வந்தது. கூடையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினாள்.

குரல் துரத்தி வந்தது: "என் மண்ணை வெறுமையாக்கினீர்கள். உங்கள் மண்ணும் பூக்கும், காய்க்காது!"

கடைசிச் செடியும் அரண்மனையில் செத்தது.

அந்த வருஷம் மாமரம் பூத்தது, காய்க்கவில்லை. கத்தரி பூத்தது, காய்க்கவில்லை. நெல் பூத்தது, கதிரைக் கசக்கினால் வெறும் பதர். நாடு முழுக்கப் பூவாக இருந்தது, அடுப்பில் ஒன்றுமில்லை. ராஜா களஞ்சியத்தைப் பூட்டிக்கொண்டார்.

கூத்தன் தன் கஞ்சியை மருதாயி பக்கம் தள்ளிவிட்டு, "எனக்குப் பசியில்லை" என்பான். ஒரு காலையில் அவன் எழுந்திருக்கவில்லை. 'நான்தான் அப்போதே சொன்னேனே' என்று ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். திட்டாமலே போய்விட்டான்.

அவனைப் புதைத்த கையோடு மருதாயி மலையேறினாள். உடும்பு அதே இடத்தில் கிடந்தது. நாக்கடியிலிருந்து மூன்று விதைகளை உமிழ்ந்தது.

"இதை முதலிலேயே தந்திருக்கக் கூடாதா?" என்று அழுதாள்.

"நீ கேட்கவே இல்லையே. வேரையல்லவா பிடுங்க வந்தாய்? வேர் ஊர் மாறாது, தாயி. விதை மாறும்."

மலைக்காரி வந்தாள். "இந்தச் சரிவை மிதித்தே கொன்றுவிட்டீர்கள். மூன்று விதை இங்கே தாங்காது. உங்கள் தோட்டங்களில் பெருக்குங்கள்; என் பூவை மட்டும் என் சாபம் தொடாது. பெருகிய விதையைக் கொண்டுவந்து இங்கே தூவுங்கள். சரிவு நீலமானால் சாபம் தீரும். ஆனால் விதைக்கு விலை உண்டு. உன் கைராசியைக் கொடு."

மருதாயி கையை நீட்டினாள். உள்ளங்கை சில்லிட்டது, அவ்வளவுதான். இனி அவள் தொட்டு எதுவும் முளைக்காது. எந்தக் கைகளை ஏளனமாகப் பார்த்தாளோ அந்தக் கைகளிடம் போய் நிற்க வேண்டும்.

முதல் விதையை ராஜாவிடமே கொடுத்தாள். முளைத்தது, பூத்தது. "விதை பிடிக்கும்வரை பொறுங்கள்" என்று கெஞ்சினாள். ராஜா பறித்துத் தலைப்பாகையில் செருகிக்கொண்டார்.

இரண்டாவதை மாசாணத்திடம் கொடுத்தாள். வேறு யாருக்கும் கிடைக்கக் கூடாது என்று அவன் பூட்டிய அறைக்குள் வளர்த்தான். பூத்தது. வண்டு நுழைய வழியில்லை. விதையில்லாமல் உதிர்ந்தது.

மூன்றாவதோடு கீரைக்காரி ஒச்சாயியின் படலைத் தட்டினாள். ஒச்சாயி பசிக்கு இரண்டு பிள்ளைகளைக் கொடுத்தவள்.

"எந்த முகத்தோடு வந்தாய்?"

"முகம் இல்லாமல்தான் வந்தேன், அக்கா. விதை இருக்கிறது."

ஒச்சாயி காறித் துப்பினாள். பிறகு விதையைப் பிடுங்கிக்கொண்டாள். "உனக்காக இல்லை" என்றாள்.

வேலியோரம் கல்லும் மண்ணுமாக இருந்த மூலையில் நட்டாள். பூத்தபோது தொடவில்லை. வண்டுகள் வந்தன. விதை பிடித்தது. அண்டை வீட்டுக்கு ஒரு கை, எதிர்வீட்டுக்கு ஒரு கை என்று கொடுத்தாள். ஒரு தோட்டத்தில் பூச்சி அரித்தால் இன்னொன்றில் தப்பியது. மருதாயி நடவில்லை, தூரத்துக் கிணற்றிலிருந்து எல்லார் வேலிக்கும் தண்ணீர் சுமந்தாள். "நன்றி" என்று யாரும் சொல்லவில்லை.

கீரையும் கிழங்குமாகச் சில மழையைக் கடத்தியபின், மடி நிறைய விதையோடு ஊரே மலையேறித் தூவியது. அடுத்த மழைக்குச் சரிவு நீலமாகியது. அன்றைக்கே ஒச்சாயியின் பந்தலில் ஒரு சுரைப்பிஞ்சு தொங்கியது. பெரியவர்களெல்லாம் பிள்ளைகள் மாதிரி அதைச் சுற்றி நின்று அழுதார்கள். பூட்டிய களஞ்சியத்து ராஜாவை ஜனங்கள் அதற்கு முன்பே எல்லை தாண்டித் துரத்தியிருந்தார்கள்.

மலைக்காரி ஒச்சாயி முன்னால் வந்தாள். "என்ன வேண்டும், கேள்."

"என் பிள்ளைகள்."

மலைக்காரி, "அது என்னிடம் இல்லை, மகளே" என்றாள். ஒச்சாயியின் கிணறு வற்றாது என்று வரம் கொடுத்தாள். கிணறு இன்றுவரை வற்றவில்லை. ஒச்சாயி அதில் நீர் இறைக்கும்போது சிரித்ததை யாரும் பார்த்ததில்லை.

தோட்டம் வைத்திருப்பவர்களே, கேட்டுக்கொள்ளுங்கள். கொடிஞ்சிநாட்டில் இன்றைக்கும் வேலியோரம் ஒரு முழ மண்ணை நீலச்சிமிழுக்கு என்று விடுகிறார்கள். பறிக்க மாட்டார்கள். மலையில் போய்த் தோண்ட மாட்டார்கள். ஒரு பூவை ஒரே ஒரு சரிவை நம்பி விட்டால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும்; தெரிந்துகொள்ளக் கொடுத்த விலையும் தெரியும்.

மருதாயியின் கைராசி திரும்பவில்லை. அவளும் கேட்கவில்லை. மலையிலிருந்து எல்லாரும் இறங்கிய அன்று ஒச்சாயி அவளை நிறுத்தினாள்.

"நான் உன்னை மன்னிக்கவில்லை."

"தெரியும், அக்கா."

"ஆடு மாடு மேய்ந்துவிடும். சரிவுக்கு முள்வேலி கட்ட ஆள் வேண்டும். காலையில் வா."

விடிந்ததும் மருதாயி போனாள்.