ஒரு வாய் மண்

அல்லிக்குளத்தங்கரையின் அடியில் முள்ளாயி என்ற முள்ளம்பன்றியும், தொப்பையப்பன் என்ற பெருச்சாளியும் அடுத்தடுத்த வளைகளில் குடியிருந்தார்கள். போன மழைக்கு இரண்டு வீட்டிலும் வெள்ளம் புகுந்துவிட்டது.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. வெள்ளம் புகுந்த வீட்டை, மருதமரத்தில் படிந்திருக்கும் வெள்ளக் கோட்டுக்கு மேலே உயர்த்த வேண்டும். அதன் பிறகுதான் புது அறை கட்டலாம்.

தொப்பையப்பனுக்குத் தை மாதம் மகன் கல்யாணம். வரப்போகிற மருமகளுக்கு அறை வேண்டும். வீட்டை உயர்த்த மண் வேண்டுமே! தூரத்து மேட்டிலிருந்து சுமக்க அவனுக்கு உடம்பு வளையவில்லை. வீட்டுக்குப் பின்னாலிருந்த குளத்தங்கரையையே பறிக்கத் தொடங்கினான்.

முள்ளாயி பார்த்துவிட்டாள். முள்ளெல்லாம் சிலிர்த்துக்கொண்டது. அவள் வளையில் பால்குடி மறக்காத குட்டிகள் இருந்தன.

"அண்ணே! கரையில கை வைக்காதே! அது உடைஞ்சா என் பிள்ளைங்க கதி என்ன?"

"எதுக்குத் தங்கச்சி குதிக்கிறே? ஆடியில ஆளுக்கு ஒரு வாய் மண்ணு போட்டுத்தானே இந்தக் கரையை எழுப்பினோம்? நான் போட்டதை நான் எடுக்கிறேன்!"

"நீ போட்டது ஒரு வாய் மண்ணு! இப்போ ஊரு வாயிலயில்ல மண்ணைப் போடுறே!"

"என் வீடு உயருதுன்னு உனக்கு வயித்தெரிச்சல்!" என்று சொல்லிவிட்டு அவன் பாட்டுக்குத் தோண்டினான்.

முள்ளாயி நாட்டாமை நாரையை அழைத்து வந்தாள். நாரை ஒற்றைக் காலில் நின்று தொப்பையப்பன் வீட்டுத் தரையை அளந்தது.

"கோட்டுக்கு மேல ஒரு சாண் இருக்கு. பேஷ்! அறையைக் கட்டிக்கோ!"

"ஐயா, அந்தக் கரையைக் கொஞ்சம் திரும்பிப் பாருங்க! பாதியைக் காணோம்!"

"வீட்டை அளக்கத்தான் வழக்கம். கரையை அளக்க வழக்கம் இல்லை" என்று நாரை பறந்தது. கல்யாணப் பந்தியில் மீன் உண்டென்று அதன் காதில் ஏற்கெனவே போட்டு வைத்திருந்தார்கள்!

முள்ளாயிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாய் வாயாக மண் கொண்டுவந்து பள்ளத்தில் போட்டாள். அவள் போடப் போட அவன் எடுத்தான். கடைசியில் வெறுத்துப்போய், குட்டிகளைக் கூட்டிக்கொண்டு பாறைக்கு ஏறிவிட்டாள்.

ஐப்பசி மழை கொட்டியது. பட்டப்பகலில், தோண்டிய இடத்திலேயே கரை உடைந்தது. முதலில் போனது தொப்பையப்பனின் உயர்ந்த வீடு. அடுத்தது முள்ளாயியின் வளை. பாவம், அவள் செய்த குற்றம் என்ன?

தொப்பையப்பனும் மகனும் நீந்திப் பாறையடிக்கு வந்தார்கள்.

"தங்கச்சி, கொஞ்சம் இடம் கொடு!"

தள்ளிவிட்டால்தான் என்ன என்று முள்ளாயிக்குத் தோன்றியது. மகன் வெடவெடவென்று நடுங்குவதைப் பார்த்ததும் நகர்ந்து கொடுத்தாள். கோபம் மட்டும் நகரவில்லை.

"ஏறுங்க. ஆனா மழை விட்டதும் மேட்டுக்குப் போய் நீதான் மண்ணு சுமக்கணும்! அந்த நாரையும் வரட்டும், கரையை அளக்க!"

"எத்தனை வாய் சுமக்கணும் தாயி?"

"நீ எடுத்தியே, அத்தனை வாய்!"

ஊர்க் கரையைப் பறித்து உயர்த்திய வீடு, வெள்ளத்துக்கு முதல் இரையாகும்.