குஞ்சம்மாளின் பேனர்

விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஃபிளெக்ஸ் கடை வைத்திருந்த பிலோமினாவுக்கு வயது இருபத்தொன்பது. அவளிடம் தொழில் கற்க வந்த தில்லைவாணனுக்கு ஐம்பத்திரண்டு. மில் மூடியதும் வேறு வழியில்லாமல் வந்து சேர்ந்தவர். அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். அவளும் கூச்சப்படாமல் ஏற்றுக்கொண்டாள்.

நான்கே மாதத்தில் கம்ப்யூட்டரில் இருக்கிற எழுத்து வித்தையெல்லாம் அவருக்கு அத்துப்படி. பொன்முலாம், தீ, கண்ணாடி, நிழல், எழுத்தைச் சுற்றி ஒளி. ஆனாலும் ஒரு சந்தேகம் மனதைக் குடைந்துகொண்டே இருந்தது. ஒருநாள் கேட்டே விட்டார்.

“டீச்சர், நீங்க போடுற அதே எஃபெக்டைத்தான் நானும் போடுறேன். உங்க எழுத்து எழுந்து நிக்குது. என்னோடது மட்டும் ஏன் படுத்துக்குது?”

பிலோமினா ஒரு துண்டுச் சீட்டை நீட்டினாள். அங்கன்வாடியில் முப்பத்தோரு வருடம் சமைத்துப் போட்ட ஓர் அம்மாள் ஓய்வு பெறுகிறார். பிள்ளைகளின் தாய்மார்கள் சேர்ந்து பேனர் வைக்கிறார்கள். பெயர் குஞ்சம்மாள். இந்த வேலையை, தான் தொடாமலே தில்லைவாணன் முடித்துவிட்டால், நெய்வேலியில் திறக்கப்போகும் புதுக் கடையை அவரிடம் ஒப்படைப்பதாகச் சொன்னாள். இல்லையென்றால் அதற்கு வேறு ஆள் பார்க்க வேண்டியதுதான்.

தில்லைவாணன் இரண்டு நாள் மெனக்கெட்டார். பெயருக்குப் பொன்முலாம் பூசினார். அது போதாதென்று விளிம்பில் சிவப்பு. அதன்மேல் மினுக்கம், ஓரமெல்லாம் வைரக்கல், பின்னால் நிழல், நிழலுக்கும் ஒரு நிழல். மனிதருக்குக் கஞ்சத்தனம் என்பதே கிடையாது. பெயர் வரும் பகுதியை மட்டும் மாதிரிக்கு அச்சடித்து, மை காயட்டும் என்று கடை வாசலில் தொங்கவிட்டார். பார்க்கப் பார்க்க அவருக்கே பெருமை தாங்கவில்லை.

அப்போது வயதான ஓர் அம்மாள் வந்து, பேனருக்குப் போட்டோ கொடுக்க வேண்டும் என்றார். உட்காரச் சொன்னார் தில்லைவாணன். அந்த அம்மாளின் பார்வை தொங்கிக்கொண்டிருந்த பேனர்த் துண்டின் மேலேயே இருந்தது. இவருக்கு வாய் சும்மா இருக்குமா? எழுத்து எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

“கண்ணைப் பறிக்குது தம்பி. யாரு நகைக்கடை தொறக்கிறாங்க?”

படிக்கத் தெரியாதவர் போலிருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டு, போட்டோவை வாங்கிப் பெயர் கேட்டார்.

“குஞ்சம்மா.”

தில்லைவாணன் போட்டோவையும் தொங்கிய பெயரையும் மாறி மாறிப் பார்த்தார். உங்களுக்குப் படிக்க வராதா அம்மா என்று கேட்டார். வராது என்று சொல்லிவிட மாட்டாரா என்றிருந்தது. அந்த அம்மாளோ, பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுத்து அட்டையைப் பார்த்துத் தானும் படித்துக்கொண்டதாகச் சொன்னார். எதிரே வெறும் கறுப்பில் எழுதியிருந்த மருந்துக்கடைப் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தும் காட்டினார். பிறகு மறுபடி பேனர் பக்கம் திரும்பிக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை.

தில்லைவாணனுக்கு வெட்கமாக இருந்தது. முப்பத்தோரு வருடம் உழைத்தவரின் பெயரை அவர் கண்ணிலிருந்தே மறைத்துவிட்டோமே என்ற வருத்தம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

பிலோமினா உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவர் அவள் முன்னால் போய் நின்றார். நெய்வேலிக் கடை கைநழுவிப் போனதாகவே நினைத்தார். அதைப் பற்றி அவர் கேட்கவில்லை.

“இதுல எதை எடுக்கணும், எதை விடணும்? நீங்களே சொல்லிருங்க டீச்சர்.”

“நான் தொட மாட்டேன்னு சொல்லியிருக்கேன்” என்றாள் பிலோமினா. “அந்தம்மாவை உங்க பக்கத்துல உக்கார வைங்க. ஒண்ணொண்ணா எடுத்துக்கிட்டே வாங்க. அவங்க பேரை அவங்களே வாய்விட்டுப் படிச்சதும், மவுஸ்லேருந்து கையை எடுத்துருங்க.”