அந்துருண்டைத் திருட்டு

பட்டுச்சேலைக் கிடங்கு முதலாளி தனகோட்டி, அலமாரியில் போட்டுவைத்த அந்துருண்டைகளைக் காணோமென்று, சேலை மடிக்கும் முத்தழகியின் பையைத் தலைகீழாகக் கொட்டினார். ஒன்றும் விழவில்லை.

"சாயங்காலத்துக்குள்ள கொண்டாந்து வை. இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே!" என்றபடி மூக்கைப் பொத்தினார்.

"மூக்கை ஏன் பொத்துறீங்க முதலாளி?"

"நெடி தாங்கல."

"அதான் நீங்க தேடுற உருண்டை. டைகுளோரோபென்சீன்னு டப்பாவிலேயே போட்டிருக்கே. பென்சீன்ல குளோரினைச் சேர்த்த சரக்கு. உருகாது, அப்படியே காத்தாப் போயிடும்."

தனகோட்டியின் குரல் இறங்கியது. "அப்ப நீ எடுக்கல?"

"எடுத்தேனே! பகல் பூரா மூச்சு மூச்சா எடுத்து, தலைவலியோட வீட்டுக்குக் கொண்டுபோறேன். திருப்பித் தர்றேன் முதலாளி. வெயில் பட்டா சேலைச் சாயம் வெளுக்கும்னு ஜன்னலை மூடி அடிச்சீங்களே, அந்த ஆணியை முதல்ல பிடுங்குங்க."