வெள்ளி மறைந்த வாரம்

கிழக்கே கடலைப் பார்த்த ஒரு குன்றின் மேல் ஐயாறன் பள்ளி நடத்திவந்தார். கப்பலோட்டப் போகிறவர்கள் அங்கே தங்கி வானத்தைப் படித்தார்கள். எந்த நட்சத்திரம் எந்தத் திசையில் எழும், எந்த மாதத்தில் எது உச்சிக்கு வரும், கரையே தெரியாத நடுக்கடலில் தான் இருக்கும் இடத்தை ஒருவன் எப்படி அறிவது என்பதெல்லாம் அங்கே பாடம். ஐயாறன் தாமும் மாலுமியாக இருந்தவர். அதிகம் பேச மாட்டார்.

ஒரு நாள் சாயங்காலம் பவளாயி குன்றேறி வந்தாள். கீழே துறைமுகத்தில் கருவாடு விற்கிறவள். ஆசானைவிட ஏழெட்டு வயது மூத்தவள். ஏறிவந்த மூச்சு அடங்குவதற்குள் பேச ஆரம்பித்தாள்.

“என் மகன் திரையன் உங்களிடம் படித்தவன். அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததை எனக்கும் சொல்லிக்கொடுங்கள்.”

திரையன் பெயரைக் கேட்டதும் ஐயாறன் எழுந்து நின்றார். தெற்கே கடல் கடந்து சாவகத் தீவுக்குப் போன கப்பலில் மாலுமியாகப் போனவன் திரையன். போய் நாலு வருஷம் ஆகப் போகிறது. கப்பலும் வரவில்லை, அதைப் பற்றி ஒரு செய்தியும் வரவில்லை.

“எதற்காக, அம்மா?”

“அவன் எங்கே இருக்கிறான் என்று தெரிந்துகொள்ள.”

“அது என் பாடத்தில் இல்லையே.”

“இருக்கிறதைச் சொல்லுங்கள். மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.”

ஐயாறன் பாயில் நகர்ந்து உட்கார்ந்து அவளுக்கு இடம் விட்டார்.

அன்று முதல் அவள் தினமும் வந்தாள். சந்தை முடிந்து, கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வருவாள். எவ்வளவு ஊற்றினாலும் கருவாட்டு வாடை போகாது. மாணாக்கர்கள் முதலில் தள்ளி உட்கார்ந்தார்கள். போகப் போக அவள் பக்கத்தில் உட்கார இடம் தேடினார்கள். ஆசான் ஒருமுறை சொன்னதை அவள் மறந்ததே இல்லை.

ஐயாறன் அவளுக்கு முதலில் துருவ நட்சத்திரத்தைக் காட்டினார்.

“கையை நேராக நீட்டுங்கள். முஷ்டியை மடக்கி அடிவானத்தின் மேல் வையுங்கள். முஷ்டிக்கு மேலே துருவன் நிற்கிறதா?”

“நிற்கிறது.”

“அந்த ஒரு முஷ்டி உயரம்தான் நம் ஊர். வடக்கே போகப் போக அது உயரும். தெற்கே போகப் போகத் தாழும்.”

“சாவகத்தில்?”

“சாவகத்தில் அது கடலுக்குக் கீழே போய்விடும். தெரியாது.”

பவளாயி நீட்டிய கையை மடக்கவில்லை.

“நாலு வருஷமாக நான் இதைப் பார்த்துத்தான் அவனை நினைத்துக்கொண்டிருந்தேன். அவனும் இதைப் பார்ப்பான் என்று.”

“அங்கே இருந்தால் பார்க்க முடியாது, அம்மா.”

“நிலவு?”

“நிலவு எல்லா ஊருக்கும் ஒன்றுதான்.”

அதன்பிறகு அவள் நிலவைப் பார்த்தாள்.

கோள்களைப் பற்றியும் சொன்னார். நட்சத்திரங்கள் ஒன்றுக்கொன்று விலகாமல் நிற்கும், கோள்கள் அவற்றின் நடுவே நடக்கும் என்றார். செவ்வாய் போய்க்கொண்டே இருந்து திடீரென்று பின்னுக்கு வரும். சனி ஒரு சுற்று முடிப்பதற்குள் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்துவிடும். வெள்ளி சூரியனை விட்டு அதிக தூரம் போகாது. அதனால்தான் அந்தியிலோ விடியலிலோ மட்டும் அதைப் பார்க்கிறோம் என்றார். பவளாயி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். ஆனால் ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் அவள் முகத்தில் ஒரே கேள்விதான் இருந்தது. ஆசானும் அதைப் பார்த்தார்.

பவளாயியின் வீட்டில் மருமகள் நித்திலை இருந்தாள். திரையன் கப்பலேறியபோது அவர்களுக்குக் கல்யாணமாகி ஐந்து மாதம்கூட ஆகவில்லை. அந்தத் துறைமுகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கடலுக்குப் போனவன் வெகுகாலம் திரும்பாவிட்டால், அவனைப் பெற்றவள் வாய் திறந்து ‘நீ போ’ என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் அவன் மனைவி வேறு வாழ்க்கையைப் பற்றி நினைக்கலாம். அதுவரை அவள் பூ வைத்தபடி, பொட்டு வைத்தபடி, காத்திருக்கிறவள்தான். அவனுக்காக அழுவதற்குக்கூட அவளுக்கு உரிமை கிடையாது.

கப்பல் பாய் தைக்கும் மாரன் என்று ஒருவன். மனைவியைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவன். நல்ல உழைப்பாளி. அவனுடைய அக்கா ஒருநாள் வெற்றிலை பாக்கோடு வந்து, நித்திலையைப் பற்றிச் சுற்றி வளைத்துப் பேச்செடுத்தாள்.

“என் மகன் வருவான்” என்றாள் பவளாயி. வெற்றிலைத் தட்டை அவளே எடுத்து, வந்தவள் கையில் திருப்பிக் கொடுத்து அனுப்பினாள்.

அன்று நித்திலை வெகுநேரம் ஒரே சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே வந்து நின்றாள்.

“அத்தை, நீங்கள் இருக்கச் சொன்னால் இருக்கிறேன். போகச் சொன்னால் போகிறேன். அவர் வருவார் என்று மட்டும் தினமும் என்னிடம் சொல்லாதீர்கள்.”

பவளாயிக்கு அந்தப் பேச்சு சுருக்கென்று தைத்தது.

அந்த மாதத்தில் வெள்ளி மேற்கே பனங்காட்டுக்கு மேல் எரிந்துகொண்டிருந்தது. நாளுக்கு நாள் தாழ்ந்தது. ஓர் அந்தியில் பனையோலைகளுக்கு நடுவே ஒரு பொறி போலத் தெரிந்தது. மறுநாள் இல்லை. மூன்று நாள் தேடிப் பார்த்துவிட்டுப் பவளாயி பள்ளிக்கு வந்தாள்.

“வெள்ளி எங்கே போயிற்று?”

“எங்கும் போகவில்லை. சூரியனுக்குப் பக்கத்தில் வந்திருக்கிறது. அந்த வெளிச்சத்தில் நம் கண்ணுக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான்.”

“திரும்ப வருமா?”

“வரும். இன்னும் நாலைந்து நாளில். மேற்கே அல்ல, கிழக்கே. விடியலுக்கு முன்னால் கடலுக்கு மேலே எழும்.”

“கடலுக்கு மேலேயா?”

“ஆமாம்.”

பவளாயி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். கையை எடுத்தபோது அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்படி அவள் சிரித்து அங்கே யாரும் பார்த்ததில்லை.

“நான் மருமகளிடம் சொல்லிவிட்டேன், ஆசானே. வெள்ளி திரும்பி வந்தால் என் மகன் வருவான். வெள்ளி வராவிட்டால் உன்னைப் போகச் சொல்கிறேன் என்று சத்தியம் செய்துவிட்டேன். கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். என் வயிற்றில் பாலை வார்த்தீர்கள்.”

ஐயாறன் முகம் வாடியது. மாணாக்கன் ஒருவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஆசான் கையமர்த்தினார்.

“வெள்ளி எழும் அன்று உங்கள் மருமகளையும் அழைத்து வாருங்கள்” என்றார்.

அந்த விடியலில் மூன்று பேரும் கடற்கரையில் நின்றார்கள். கிழக்கு வெளுக்கத் தொடங்கியிருந்தது. அலை பெரிதாக இல்லை. ஐயாறன் கடல் விளிம்பில் ஓரிடத்தைச் சுட்டிக்காட்டினார். சற்று நேரத்தில் அங்கே வெள்ளி எழுந்தது. கழுவி எடுத்தது போல இருந்தது. நீரில் அதன் ஒளி கோடாக விழுந்து நடுங்கியது.

“வந்துவிட்டது!” என்று கத்தினாள் பவளாயி. “நித்திலை, பார்! வந்துவிட்டது!”

அவள் திரும்பி மருமகளின் கையைப் பிடித்தாள். அந்தக் கை ஜில்லென்று இருந்தது. நித்திலை வெள்ளியைப் பார்க்கவில்லை. மணலில் உட்கார்ந்து, முழங்காலில் முகத்தைப் புதைத்து, சத்தமில்லாமல் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தாள். அது சந்தோஷத்தில் வருகிற அழுகை இல்லை என்பது பவளாயிக்குத் தெரிந்தது.

“ஏன்டி?” என்றாள்.

ஐயாறன் பேசினார்.

“திரையன் போன பிறகு வெள்ளி இப்படி மறைந்து எழுவது இது மூன்றாம் முறை, அம்மா.”

பவளாயி அவர் பக்கம் திரும்பினாள்.

“முதல் இரண்டு முறையும் நான் இதே இடத்தில் நின்று பார்த்தேன். இதே போலத்தான் எழுந்தது. கப்பல் வரவில்லை.”

“அப்படியானால் என் மகன் செத்துவிட்டான் என்கிறீர்களா?”

“எனக்குத் தெரியாது.”

“உயிரோடு இருக்கிறான் என்கிறீர்களா?”

“அதுவும் தெரியாது.”

“பின்னே உங்களுக்கு என்னதான் தெரியும்?” என்று அலறினாள். “என் மகனைக் கடலுக்கு அனுப்பினீர்களே, என்ன தெரிந்து அனுப்பினீர்கள்?”

“வெள்ளி எப்போது எழும் என்பது தெரியும்” என்றார் ஐயாறன். “அதைத்தான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவன் திரும்புவானா என்று அவனும் என்னிடம் கேட்டான். தெரியாது என்ற இதே பதிலைத்தான் சொன்னேன்.”

“அவன் என்ன சொன்னான்?”

“காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுக் கப்பலேறினான்.”

சூரியன் வந்தது. வானம் முழுக்க வெளிச்சம் பரவியதும் வெள்ளி இருந்த இடம் தெரியவில்லை. படகுகள் இறங்க ஆரம்பித்தன. பவளாயி மெல்ல மணலில் உட்கார்ந்து, நித்திலையின் தலையைத் தன் மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவள் வாயிலிருந்து முதலில் ஒரு முனகல்தான் வந்தது. பிறகு ஒப்பாரி வந்தது. நாலு வருஷமாக அந்த வீட்டில் அழாத அழுகையை இரண்டு பேரும் சேர்ந்து அந்தக் கரையில் அழுதார்கள். மீனவர்கள் வலையைக் கீழே வைத்துவிட்டுத் தள்ளி நின்றார்கள். ஐயாறன் அவர்கள் எழுந்திருக்கும்வரை அங்கேயே இருந்தார்.

அன்று வீட்டுக்குப் போனதும் பவளாயி மருமகளை எதிரே உட்காரவைத்துச் சொன்னாள்.

“நீ போ, கண்ணு.”

“அத்தை…”

“அவன் வந்தால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். வராவிட்டாலும் நான்தான் சொல்ல வேண்டும். நீ போ.”

மாரனின் அக்காவைத் தேடிப் பவளாயியே போனாள். இந்த முறை வெற்றிலைத் தட்டை அவள் எடுத்துப் போனாள். கல்யாணத்தன்று குழம்பு அவள் கையால்தான் கொதித்தது. ஊர் பலவிதமாகப் பேசியது. மகன் கதை முடிந்துவிட்டது என்று தாயே முடிவு கட்டிவிட்டாளே என்றார்கள். அவள் யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை. மாலையில் பந்தல் காலியானதும் வெறும் வீட்டுக்குத் திரும்பி, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். அதன்பிறகு வெகுநாள் குன்றின் பக்கம் போகவில்லை.

மழை முடிந்து வானம் தெளிந்த ஒரு சாயங்காலம் மறுபடியும் ஏறி வந்தாள். இளைத்திருந்தாள். மாணாக்கர்கள் எழுந்து வழிவிட்டார்கள். ஐயாறன் பாயில் நகர்ந்து உட்கார்ந்தார். அவள் உட்காரவில்லை.

“ஒன்று கேட்க வந்தேன், ஆசானே.”

“கேளுங்கள்.”

“அவன் எங்கே இருக்கிறான் என்று வானம் சொல்லாது. வருவானா என்றும் சொல்லாது. அது எனக்கு இப்போது தெரியும். ஆனாலும் வீட்டில் இருக்க முடியவில்லை. பொழுது சாய்ந்தால் கால் தானாக இந்தப் பக்கம் திரும்புகிறது. எதற்கும் பதில் சொல்லாத வானத்தை நான் இனிமேல் ஏன் பார்க்க வேண்டும்?”

கிழக்கே கடலுக்கு மேல் முதல் நட்சத்திரங்கள் வர ஆரம்பித்திருந்தன. ஐயாறன் எழுந்து அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

“இத்தனை நாளும் நீங்கள் வானத்திடம் பதில் கேட்டுக்கொண்டிருந்தீர்கள், அம்மா” என்றார். “இன்றைக்கு வெறுமனே பாருங்கள்.”