பதினோரு மாதத்துப் பரிசுகள்

தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர். அங்கே கிளாட்வின் என்று ஒருவர் இருந்தார். சரக்குக் கப்பலில் எஞ்சின் அறை வேலை. ஒருமுறை ஏறினால் பத்து, பதினோரு மாதம் கழித்துத்தான் கரை இறங்குவார்.

அவருக்கு ஒரே மகள் ஜெர்லின். நான்கு வயது.

அந்த வருடம் ஜனவரியில் கப்பல் ஏறியவர் டிசம்பர் பதினேழாம் தேதி வீட்டுக்கு வந்தார். கொண்டுவந்த இரண்டு பெட்டிகளில் ஒன்று முழுக்கப் பரிசுப் பொட்டலங்கள். மாதத்துக்கு ஒன்றாகப் பதினொன்று. டர்பனில் ஒன்று, பூசானில் ஒன்று, சான்டோஸில் ஒன்று என்று கப்பல் நின்ற இடமெல்லாம் வாங்கி, வேலை முடிந்த நேரங்களில் அவரே வண்ணத்தாள் சுற்றி ஒட்டியிருந்தார்.

பிள்ளை அவரிடம் வரவில்லை. தாய் மெல்பாவின் சேலைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது.

"அப்பா வந்துட்டாங்க பாரு. போ, அப்பாகிட்ட போ" என்றாள் மெல்பா.

ஜெர்லின் உள்ளே ஓடினாள். மேசை மேல் கிடந்த போனை எடுத்து வந்து, கறுப்பாகக் கிடந்த அதன் திரையைப் பார்த்து, "அப்பா, ஹலோ" என்றாள்.

கிளாட்வின் சிரித்தார். முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று குளியலறைக்குப் போனவர், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

மூன்று நாள் ஆயிற்று. பிள்ளை அவரை எட்டத்தில் நின்றே பார்த்தது. அவர் சாப்பிட உட்கார்ந்தால் அது எழுந்து போயிற்று.

"கிறிஸ்மஸ் அன்னைக்குப் பதினொண்ணையும் குடுத்துரப் போறேன்" என்றார் கிளாட்வின்.

மெல்பா கிறிஸ்மஸ் பலகாரமான முந்திரிக்கொத்துக்கு மாவு உருட்டிக்கொண்டிருந்தாள். "பதினொண்ணுமா? பிள்ளை மிரண்டு போயிரும். ஒண்ணு குடுங்க, போதும். மீதியை எடுத்து வைக்கேன். நீங்க கப்பல் ஏறுன பொறவு மாசம் ஒண்ணா நான் குடுத்துக்கிடுதேன்."

"நீ குடுத்தா அது நீ குடுத்ததா ஆயிரும்லா!"

சொன்ன பிறகுதான், இவ்வளவு சத்தமாகச் சொல்லிவிட்டோம் என்று அவருக்குத் தெரிந்தது. மெல்பாவின் கை நின்றது. பிறகு மறுபடி உருட்டத் தொடங்கினாள்.

மறுநாள் காலை கிளாட்வின் வண்டியை எடுத்துக்கொண்டு தியான இல்லத்துக்குப் போனார்.

ஊருக்கு வெளியே பனைகளுக்கு நடுவில் இருந்தது அந்த இல்லம். அதை நடத்தும் சிஸ்டர் ரொசாரியிடம்தான் ஏழு வருடங்களுக்கு முன்னால் அவர் மௌன செபம் கற்றுக்கொண்டார். சிஸ்டர் அவரைவிட மூன்று வயது இளையவர். ஆனாலும் குரு என்றால் கிளாட்வினுக்கு அவர்தான். எஞ்சின் இரைச்சலுக்குள்ளே அமைதியாக உட்காரப் பழக்கியவர் என்று உடன் வேலை செய்கிறவர்களிடம் சொல்வார்.

சிஸ்டர் ஏணியில் நின்று சிற்றாலயத்தின் சுவருக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், ஒரு கேள்வி."

"கேளுங்கண்ணே."

"நாலு வயசுப் பிள்ளைக்குக் கிறிஸ்மஸுக்கு எத்தனை பரிசு குடுக்கலாம்? நான் பதினொண்ணு வச்சிருக்கேன். மெல்பா ஒண்ணு போதும்ங்கா. நீங்க ஒரு கணக்குச் சொல்லுங்க. ரெண்டு பேரும் கட்டுப்படுதோம்."

மெல்பாவிடம் அதை அவர் கேட்டிருக்கவில்லை.

"பொட்டலத்துல என்னென்ன இருக்கு?"

கிளாட்வின் ஒரு தடங்கலும் இல்லாமல் அடுக்கினார். கரடி, ஷூ, கவுன், சாவி கொடுத்தால் பாடும் பெட்டி, மர ரயில், குடை என்று பதினொன்றும் வந்தன.

"ஷூ என்ன அளவு?"

கிளாட்வின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்துக் காட்டினார். பிறகு கொஞ்சம் கூட்டினார். பிறகு குறைத்தார்.

சிஸ்டர் ஏணியில் இருந்து இறங்கினார். வாளியில் சுண்ணாம்பைக் கலக்கியபடி, "பிள்ளையோட காலை ஒரு தாள்ல வரைஞ்சு கொண்டுவாங்க" என்றார்.

"நான் எத்தனைன்னு கேட்டேன், சிஸ்டர்."

"காதுல விழுந்துது."

"சரி. மெல்பாகிட்ட சொல்லி வரைஞ்சு..."

"நீங்க வரையணும்."

சிஸ்டர் வாளியோடு மேலே ஏறிவிட்டார்.

கிளாட்வின் வீட்டுக்கு வந்ததும் தாளும் பென்சிலுமாகத் தரையில் உட்கார்ந்தார். "ஜெர்லின், இங்க வா. இதுல காலை வை."

ஜெர்லின் எதிர்ச்சுவர் ஓரமாக உட்கார்ந்து, இரண்டு காலையும் பாவாடைக்குள் இழுத்துக்கொண்டாள்.

சாக்லேட் காட்டினார். கையை மட்டும் எட்டி நீட்டி வாங்கிக்கொண்டாள். கால் வெளியே வரவில்லை.

அடுப்படியில் இருந்து பார்த்த மெல்பாவுக்குச் சிரிப்பு வந்தது. "நான் பிடிச்சுக்கிடட்டுமா?"

"வேண்டாம். பிடிச்சு வச்சு வரைய வேண்டாம்."

அன்றைக்கு முழுக்க வரைய முடியவில்லை.

அடுத்த நாள் பழைய காலண்டர் தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். அரைமணி நேரம் கூப்பிட்டுப் பார்த்தார். அலுத்துப்போய், சும்மா இருக்க முடியாமல், தன் வலது காலைத் தாளில் வைத்துச் சுற்றிக் கோடு இழுத்தார். காலை எடுத்ததும் ஒரு பெரிய பாதம் தாளில் கிடந்தது.

"அது யாரு கால்?"

கிளாட்வின் நிமிரவில்லை. "என் கால்."

"பெருசு."

"ஆமா. பெருசுதான்."

இரண்டு சின்னக் கால்கள் தாளின் ஓரத்தில் வந்து நின்றன. அதில் ஒன்று எழும்பி, பெரிய பாதத்தின் நடுவில் பதிந்தது.

"இப்போ வரை" என்றாள் ஜெர்லின்.

அவர் பென்சிலைக் குதிகாலில் இருந்து தொடங்கினார். உள்ளங்கால் வளைவுக்கு வந்ததும் பிள்ளைக்குக் கூசியது. கெக்கெக்கே என்று சிரித்துக் காலை இழுத்தாள். கோடு தாளைத் தாண்டித் தரைக்கு ஓடியது.

"இன்னொருக்க" என்றாள்.

மறுபடியும் வைத்தாள். இந்த முறை விழாமல் இருக்க அவருடைய தலையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டாள். கிளாட்வின் மிக மெதுவாக வரைந்தார். ஐந்து விரலுக்கு நடுவிலும் பென்சிலை விட்டு எடுத்தார். இவ்வளவு மெதுவாக எதையும் அவர் செய்ததில்லை.

மத்தியானம் பிள்ளை தூங்கியதும் ஷூ பொட்டலத்தைப் பிரித்து, ஷூவைத் தாளில் வைத்துப் பார்த்தார். வரைந்த விரல்கள் ஷூவுக்கு வெளியே நின்றன. கவுனை எடுத்துக் கொடியில் காய்ந்த கவுனோடு சேர்த்துப் பிடித்தார். நாலு விரல் குட்டை. இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார். மெல்பா அந்தப் பக்கம் வந்தவள், ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துவிட்டுப் போனாள்.

இருபத்துமூன்றாம் தேதி காலையில் தாளைச் சுருட்டிக்கொண்டு சிஸ்டரிடம் போனார்.

வெள்ளையடிப்பு முடிந்திருந்தது. சிஸ்டர் கிறிஸ்மஸ் குடிலுக்கு வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தார். தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பெரிய கால் யாருது?"

"என்னுது. அதுக்குள்ள நின்னாத்தான் வரைய விட்டா."

"ம்."

"ஷூ சேராது, சிஸ்டர். கவுனும் சேராது. கடையில நிக்கும்போது, நான் விட்டுட்டுப் போன பிள்ளைதான் மனசுல நின்னுது. அது அங்கேயே நிக்கும்னு நினைச்சிருக்கேன்." தாளை எட்டிப் பார்த்தார். "அப்போ மிச்சம் ஒம்போது. ஒம்போது குடுக்கலாமா?"

"இது எந்தக் கால்?"

"வலது."

"இடது?"

"அதையும் வரையணும்னு சொன்னா. போயிட்டு வந்து வரையுதேன்னு சொல்லிட்டு வந்தேன்."

"பிறகு இங்க எதுக்கு நிக்கிறீங்க?"

கிளாட்வின் தாளைச் சுருட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

மறுநாள் மூன்று பேரும் பஸ்ஸில் பஜாருக்குப் போனார்கள். மெல்பா பழக்கடையில் நின்றாள். கிளாட்வின் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு செருப்புக் கடைக்குள் போய், தாளை விரித்துக் கடைக்காரரிடம் நீட்டினார்.

"காலே நேர்ல வந்திருக்கும்போது தாள் எதுக்கு சார்?" என்றார் கடைக்காரர். குனிந்து, "பாப்பா யாரு கூட வந்திருக்கீங்க?" என்று கேட்டார்.

"அப்பா கூட."

கடைக்காரர் தலையாட்டினார். பிள்ளைக்கு அது போதவில்லை. "போன் அப்பா இல்ல. கால் வரையுத அப்பா."

கிளாட்வின் அந்தப் பக்கம் திரும்பி, அடுக்கில் இருந்த ஒரு பெரிய ஆள் செருப்பை எடுத்து, அதன் விலைச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது அவருடைய அளவுகூட இல்லை.

ஜெர்லின் தானே ஒரு சிவப்புச் செருப்பைத் தேர்ந்தெடுத்தாள். அடி வைக்கும்போதெல்லாம் கீச், கீச் என்றது.

வீட்டுக்கு வந்ததும் மெல்பா கேட்டாள்: "நாளைக்குப் பொட்டலம் எத்தனை எடுக்கணும்?"

"அந்தச் செருப்பு மட்டும் போதும்."

"ஒண்ணே ஒண்ணா? கரடியையாவது குடுங்களேன். பாவம், பிள்ளைக்குன்னு அத்தனை தூரத்துல இருந்து சுமந்து வந்திருக்கீங்க."

"நீதானே ஒண்ணுன்னு சொன்ன?"

"சொன்னேன்தான்" என்றாள் மெல்பா. "அன்னைக்குச் சொன்னேன்."

கிறிஸ்மஸ் காலைப் பூசைக்குக் கோயில் நடுப்பாதை முழுக்கக் கீச்சொலியோடு நடந்து போனாள் ஜெர்லின். பிரசங்கத்தில் இருந்த பங்குச் சாமியாரே ஒரு கணம் நிறுத்திப் பார்த்தார். வீட்டுக்கு வந்து ஒரு முந்திரிக்கொத்தைப் பாதி கடித்தாள். கடினமாக இருந்ததோ என்னவோ, மீதியைக் கொண்டுவந்து கிளாட்வினின் வாயில் திணித்துவிட்டு வெளியே ஓடினாள். கப்பலில் வந்த பதினோரு பரிசும் பெட்டிக்குள்ளேயே இருந்தன.

நான்கு நாள் கழித்துக் கிளாட்வின் மறுபடி தியான இல்லத்துக்குப் போனார். சிஸ்டர் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுதான் குடுத்தேன், சிஸ்டர். அதுவும் நான் கொண்டுவந்தது இல்ல. இங்க பஜார்ல வாங்கினது."

"சரி."

"ஆனா மனசு கேக்க மாட்டேங்கு. அடுத்த வாரம் திரும்பக் கப்பல் ஏறணும். பதினோரு மாசம் இல்லாம இருந்துட்டு, ஒரே ஒரு செருப்பு. குறைச்சல்தானே?"

சிஸ்டர் துணியைப் பிழிந்தார்.

"ஜெர்லின் உங்களுக்கு எத்தனை குடுத்தா?"

"அவளா? சின்னப் பிள்ளை, சிஸ்டர். அது எனக்கு என்னத்தைக் குடுத்து..."

அவர் கை தானாகத் தலைக்குப் போயிற்று, பிள்ளை கையை ஊன்றிக்கொண்ட இடத்துக்கு.

சிஸ்டர் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஈரத்துணியை உதறிக் கொடியில் விரித்தார். அடுத்ததை எடுத்தார். அதையும் பிழிந்து விரித்தார்.

வாளியில் துணி தீரும்வரை கிளாட்வின் விரல்விட்டு எண்ணிக்கொண்டு நின்றிருந்தார்.