கடைவாயில் ஒரு நாவற்பழம்

முன்னொரு காலம். கயிறு கட்டி நடந்து காட்டி, ஊர் ஊராகப் போய்ப் பிழைத்த சனங்களின் காலம். அப்படி ஒரு கூட்டத்துக்கு ஆசானாக இருந்தவள் வெள்ளச்சி. அவளிடம் கயிறு பழகியவன் சங்கிலி. இருபது வருசத்தில் ஒருதரம்கூட விழாதவன்.

அவன் மகள் பூவாத்தாளுக்கு ஒன்பது வயது. ஆடித் திருவிழாவில் முதல்முறையாகச் சனங்கள் முன்னால் கயிறு ஏற வேண்டும். இன்னும் மூன்றே நாள்.

மேலே ஒருவர் நடந்தால் கீழே ஒருவர் அண்ணாந்தபடி கூடவே நடக்க வேண்டும், தவறினால் தாங்கிப் பிடிக்க. மகள் கயிறு ஏறிப் பழகத் தொடங்கிய இந்த ஒரு மாதமாகச் சங்கிலிக்கோ கழுத்து நிமிரவில்லை.

"எண்ணெய் தேய்ச்சாச்சு, உப்பு ஒத்தடம் குடுத்தாச்சு, சுளுக்கும் எடுத்தாச்சு. அசைய மாட்டேங்குது ஆசானே. வேற ஆள் நின்னா புள்ள ஏற மாட்டேங்குறா."

"பார்க்க ஆளில்லாம நான் ஏத்தவும் மாட்டேன்" என்றாள் வெள்ளச்சி.

சங்கிலி கொட்டாவி விட்டான். தாடையில் டக்கென்று ஒரு சத்தம். வெள்ளச்சி அவன் காதோரம் தாடை மூட்டில் விரல் வைத்து அமுக்கினாள்.

"ஆத்தாடி!" என்று துள்ளினான்.

"திருடன் பக்கத்து வீட்டுல இருக்கான். நீ இந்த வீட்டையே தேடிட்டிருக்க."

மடியிலிருந்து ஒரு நாவற்பழம் எடுத்துக் கொடுத்தாள்.

"கடைவாய்ப் பல்லுக்கு நடுவுல வை. உதடு மூடலாம். பல்லு அழுத்தக் கூடாது. போய்க் கயித்துல நட."

நடந்தான். அந்தக் கழுத்தோடும் வரப்பில் போகிறவன் மாதிரி நடந்தான். இறங்கி வந்து பழத்தை எடுத்துக் காட்டினான். ஒரு கீறல் இல்லை.

"இந்தா இன்னொன்னு. இப்பக் கீழே நில்லு. நானும் கூட நிக்கிறேன். பூவாத்தா, ஏறு."

சங்கிலி இடுப்பை வளைத்து மேலே பார்த்தான். பாதிக் கயிற்றில், நிலை தவறாமலிருக்கப் பூவாத்தாள் பிடித்திருந்த கைக்கழி சாய்ந்தது. ஒரு மூச்சு நேரம் நின்றாள். பிறகு நடந்தாள். அக்கரை சேர்ந்து, மூங்கிலில் சறுக்கி இறங்கி, தண்ணீர் குடித்துவிட்டு அப்பன் முகத்தைப் பார்த்தாள்.

"ஐயே, ரத்தக்காட்டேரி!"

சிரித்துக்கொண்டே ஓடிப் போனாள். சங்கிலியின் மோவாயில் ஊதாச் சாறு வழிந்திருந்தது.

பல்லைத் திறக்காமலே பேசினான். "அவ கயித்துல ஆடுறா. பெத்தவன் கடிக்காம எப்படி ஆசானே இருப்பான்?"

வெள்ளச்சி நாக்கை நீட்டினாள். அதுவும் ஊதா.

"நீங்களும் பழம் வச்சிருந்தீங்களா? அவ ஆடினப்பக் கடிச்சீங்களா?"

"இல்ல. நீ ஏறினப்ப. வலிக்கிற கழுத்தோட ஏறினியே."

சங்கிலி இருபது வருசமாக இவளுக்குப் பயமே கிடையாது என்று நினைத்திருந்தான்.

"உங்களுக்குக் கழுத்து வலிக்கலையே?"

"நீ தரையில கால் வச்சதும் கொட்டையைத் துப்பிட்டேன்."

அப்போதுதான் சங்கிலிக்குத் தெரிந்தது. அவன் கடைவாயில் கொட்டை இன்னும் இறுகிக் கிடந்தது. வாயைத் திறந்தான். கொட்டை மண்ணில் விழுந்தது. மெல்லத் தலையைத் தூக்கினான். வலித்தது.

"கயிறு தெரியுதா?"

"தெரியுது ஆசானே."

"மூணு நாள் இருக்கு" என்று சொல்லிவிட்டு வெள்ளச்சி நடந்தாள்.