வெறும் பை

மலைமேல் ஏலத்தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் புது மெஷின் ஒன்று வந்தது. பைக்குள் ஊதிக் கொடுத்தால் போதும். மூச்சில் கலந்திருப்பதைப் பிரித்துப் பார்த்து, நெஞ்சில் தொற்று உண்டா இல்லையா என்று கோடு போட்டுக் காட்டிவிடும்.

அதைக் கற்றுக்கொடுத்தவர் டாக்டர் அங்கயற்கண்ணி. கற்றுக்கொண்டவர் லேப் டெக்னீஷியன் பொன்னையா. குருவைவிடச் சீடருக்கு இருபது வயது கூடுதல். அதில் அவருக்கு வருத்தமில்லை.

அன்று வெள்ளிக்கிழமை. டாக்டர் வார்டைப் பார்த்துவிட்டு வருவதற்குள் நான்கு பேர் ஊதியிருந்தார்கள். நான்கு பேருக்கும் கோடு உச்சிக்கு ஏறிவிட்டது. கடைசியாக ஊதியவள் ராசாத்தி. இடுப்பில் கைக்குழந்தை.

"தொற்று இருக்கும்மா. புள்ளையை யாருகிட்டயாவது விட்டுட்டு வார்டுல வந்து படு," என்றார் பொன்னையா.

"பால் குடிக்கிற புள்ளையாச்சுங்க. யாருகிட்ட விட?"

"நான் என்ன செய்ய? மெஷின் சொல்லுது."

உள்ளே வந்த டாக்டர் நான்கு கோடுகளையும் பார்த்தார். அச்சில் வார்த்த மாதிரி ஒன்றாக இருந்தன.

"என்னண்ணே, நாலு பேரும் ஒரே நெஞ்சை மாத்தி மாத்தி வச்சு ஊதினாங்களா?"

பொன்னையா சிரிக்கவில்லை. "மெஷின் பொய் சொல்லுமா டாக்டரம்மா?"

"சொல்லாது."

டாக்டர் ஒரு வெறும் பையை எடுத்தார். யாரிடமும் ஊதக் கொடுக்கவில்லை. கைப்பம்பால் அறைக்காற்றை அடித்து நிரப்பி மெஷினில் மாட்டினார்.

கோடு உச்சிக்கு ஏறியது.

பொன்னையா அறையைச் சுற்றிப் பார்த்தார். மெஷினின் நெற்றியில் அவர் வைத்த சந்தனப் பொட்டு. குளிருக்குச் சாத்திய ஜன்னல்கள். மூலையில் தூபக்கால், கங்கு இன்னும் அணையவில்லை.

"நான்தான் காலையில... வெள்ளிக்கிழமையாச்சேன்னு சாம்பிராணி போட்டேன்."

டாக்டர் ஜன்னல்களைத் திறந்தார். தூபக்காலை எடுத்துப்போய் வராந்தாவில் வைத்தார். எல்லோரையும் வெளிக்காற்றில் உட்காரச் சொன்னார். மலைக்காற்று அறைக்குள் நன்றாகப் புகுந்து போன பிறகு, மறுபடி ஒரு வெறும் பை. இந்த முறை கோடு தரையோடு படுத்துக்கொண்டது.

"இப்ப ஊதும்மா. முழுசா ஊது. அடிநெஞ்சுக் காத்து கடைசியிலதான் வரும்."

ராசாத்தி ஊதினாள். கோடு எழவேயில்லை. குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனாள்.

மற்ற மூவரில் கங்காணி ஒருவருக்கு மட்டும் கோடு ஏறியது. அவருக்குக் கட்டில் போட்டார்கள்.

பொன்னையா வராந்தாவில் இருந்த தூபக்காலை எட்டிப் பார்த்தார்.

"அப்போ இனிமே சாம்பிராணி போடக் கூடாதா டாக்டரம்மா?"

"வராந்தாவுல போடுங்கண்ணே, சாமி கோவிச்சுக்காது. ஆனா, வந்தவங்களை ஊதச் சொல்றதுக்கு முன்னாடி, நாம இருக்கிற அறையை ஒருதரம் ஊதச் சொல்லுங்க."